பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதச் சந்தேகங்கள்: வாட்ஸ்அப் குரூப்பே போதுமா, வேறு ஏற்பாடு வேண்டுமா?

முக்கோணம் கேட்டது:

2 வாட்ஸ்அப் குரூப், ஒவ்வொன்றிலும் 60 மாணவர்கள். பாதிக்கு மேல் அப்பா, அம்மா எண்கள். ஒரே டவுட் வாரத்துக்கு நாலு தடவை வருகிறது. பதில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. கேட்பதும் அதே ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் கட்டைவிரல் காட்டுவதோடு சரி. டெலிகிராம், கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் (பள்ளிகள் தாமே நிறுவிக்கொள்ளும் இணையவழிக் கற்றல் தளம்), டிஸ்கார்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காசு செலவில்லாமல், போனிலேயே, தமிழில் நடக்க வேண்டும். எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம்?

கரும்பலகை:

அறிவிப்பு, டவுட், பயிற்சி மூன்றையும் ஒரே இடத்தில் போட்டதுதான் கோளாறு. வாட்ஸ்அப்பை எடுத்துவிட வேண்டாம், அதன் வேலையைக் குறையுங்கள். குரூப் அமைப்பில் "அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றுங்கள். தேர்வுத் தேதி, நாளைக்கு எந்தப் பயிற்சி என்பதோடு அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோர் கண்ணில் படவேண்டியவையும் அவைதான்.

டவுட்டுக்கு டெலிகிராமில் தனிக் குரூப். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடலும் தெரியும்படி வைக்கலாம் என்பதால் போன வருடத்துப் பதில் இந்த வருடப் பிள்ளைக்கும் கிடைக்கும். தன் போன் எண்ணை யாருக்கும் காட்டாமல் இருக்கவும் அங்கே வழி உண்டு. மாணவிகள் இருக்கும் குரூப்பில் இது சின்ன விஷயமில்லை.

குரூப் அமைப்பில் "டாபிக்ஸ்" என்பதை இயக்கி, பாடநூலின் அத்தியாயத் தலைப்புகளையே அப்படியே வைத்துவிடுங்கள். 12 அத்தியாயம், 12 டாபிக். தானாகவே இருக்கும் "ஜெனரல்" டாபிக்கை மூடி மறைத்துவிட வேண்டும். அது திறந்திருந்தால் எல்லாம் அங்கேதான் வந்து விழும், மற்ற பன்னிரண்டும் ஈயோட்டும். அழைப்பு இணைப்பில் "அட்மின் ஒப்புதல்" போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வெளியாட்கள் நுழைந்து பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்கள்.

கேள்வி கேட்கும் முறையையும் பின் செய்து வையுங்கள்: பக்க எண், கணக்கு எண், எந்த வரி வரை வந்தது, அதற்குமேல் ஏன் நகரவில்லை. இதைத் தட்டச்சு செய்தே ஆகவேண்டும். நோட்டுப் படத்தை மட்டும் அனுப்பினால் அதற்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பிடிக்காது. ஒரே டவுட் நாலு தடவை வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு படத்துக்கு ஒரு கணக்கு மட்டும்.

நடுப்பக்கம்:

கரும்பலகை சார் சொன்னதில் புதைகிற சிக்கல் தீரும். பேசாத ஐம்பது பேர் டெலிகிராமுக்குப் போனாலும் பேசமாட்டார்கள். தப்பாகச் சொன்னால் அறுபது பேர் பார்ப்பார்களே என்ற பயம் செயலியை மாற்றினால் போகாது.

அதற்கு உதவுவது, தன் பதிலைக் கொடுத்த பிறகே அடுத்தவர் பதிலைக் காட்டும் ஏற்பாடு. மூடுலில் "கேள்வி பதில்" வகை மன்றம் இதற்கென்றே உள்ளது. மாணவர் ஒன்றை எழுதி, திருத்தும் நேரம் (வழக்கமாக 30 நிமிடம்) கடந்த பின்தான் மற்றவர்களுடையது தெரியும். ஆனால் மூடுலுக்கு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் தொடாதீர்கள். கூகுள் கிளாஸ்ரூமில் "கேள்வி" என்ற பதிவு வகையை எடுத்து, குறு விடை என்று வைத்து, மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதிலளிக்கலாம் என்பதை இயக்கினால் கிட்டத்தட்ட அதே பலன், செலவில்லாமல்.

கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. "மடக்கை விதிகளை எழுதுக" என்றால் 60 பேரும் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள், பேச ஒன்றுமிருக்காது. "லாக் (2 + 3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று ஒருவர் எழுதிவிட்டார். தவறு எங்கே?" என்று கேளுங்கள். வலப்பக்கம் லாக் 6 என்று சிலர் காட்டுவார்கள், சிலர் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பார்கள், சிலர் சரியென்றே வாதாடுவார்கள். வாரத்துக்கு ஒன்று போதும். தினம் ஒன்று போட்டால் இரண்டாவது வாரமே கூட்டம் கலைந்துவிடும்.

இன்னொன்று. பேசாதவர்கள் எல்லாம் கற்காதவர்கள் இல்லை. கற்றல் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் இதைப் பற்றி எழுதும்போது லைபீரியாவின் தையற்காரர்களை எடுத்துக்காட்டினார்கள். தொழில் பழக வருபவர் முதலில் பட்டன் தைப்பார், ஓரம் மடிப்பார், துணி வெட்டுவது கடைசியில்தான். உங்கள் குரூப்பிலும் பட்டன் தைக்கும் வேலைகள் உண்டு. படம் மட்டும் வந்தால் அதற்குப் பக்க எண் எழுதுவது, வாரக் கடைசியில் ஒரு டாபிக்கின் டவுட்களைப் பட்டியலிடுவது, விடையைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பது. இவற்றை வாய் திறக்காத பிள்ளைகளிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

மணல்தொட்டி:

நல்ல மாணவர்கள் நாலைந்து பேர் இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவையும் பாருங்கள். இது டவுட் தீர்க்கும் இடமல்ல, எழுதி எழுதிக் கற்கும் இடம். 2017-இல் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கே இதில் பயிற்சி நடந்தது. மணல்தொட்டியில் (அங்கே எழுதிப் பழகுவதற்கான பக்கம்) ஒரு கணிதக் கருத்துக்கு ஒரு பத்தி, இரண்டு சான்று, பிறகு பேச்சுப் பக்கத்தில் மூத்த பயனர்களின் கருத்து. ஐயம் இருந்தால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம்.

சறுக்கும் இடங்கள்: பள்ளி லேபில் எல்லோரும் ஒரே ஐ.பி. முகவரி என்பதால் ஒரு நாளைக்கு 6 பயனர் கணக்குக்கு மேல் தொடங்க முடியாது. முதல் நாளே வீட்டிலிருந்து தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். பள்ளிப் பெயரில் பொதுக் கணக்கு கூடாது, ஒருவருக்கு ஒன்று. பிள்ளைகள் சொந்தப் பெயரும் வைக்க வேண்டாம். பாடநூலை அப்படியே பார்த்து எழுதினாலும், இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டினாலும் நீக்கிவிடுவார்கள்.

முக்கோணம்:

மூவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. மாணவரே தப்பான பதில் போட்டால் என்ன செய்வது? கணித ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளத்துக்கு மாணவர்களை அனுப்பலாமா?

கரும்பலகை:

அழிக்காதீர்கள். அழித்தால் அடுத்து யாரும் பதில் போடமாட்டார்கள். ஒரு நாள் பொறுத்திருங்கள், பாதி நேரம் இன்னொரு மாணவரே பிடித்துவிடுவார். பிடிக்காவிட்டால் "மூன்றாவது வரியை x = 0 வைத்துப் பார்" என்கிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள். சரியான வடிவம் வந்ததும் தவறான பதிலுக்கு ரிப்ளையாகவே அதைப் போட்டால் பிற்பாடு தேடி வருபவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் விதிவிலக்கு, அன்றைக்கு உடனே திருத்திவிட வேண்டும்.

நடுப்பக்கம்:

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு வேண்டாம். ஆங்கிலத்தில்தான் கேட்கவேண்டும், தான் முயன்றதைக் காட்டாத கேள்வியை மூடிவிடுவார்கள், அந்த அடி பிளஸ் ஒன் பிள்ளைக்குத் தாங்காது. நீங்கள் போகலாம். கணிதம் கற்பிப்பவர்களுக்கென்றே அங்கே தனித்தளம் இருக்கிறது. ஒரு கருத்தை எந்த உதாரணத்தோடு தொடங்குவது என்பது மாதிரியான கேள்விகளுக்கு நல்ல பதில்கள் கிடைக்கும். தொடக்கத்தில் பிறர் பதிவில் பின்னூட்டம் எழுத 50 புள்ளி (நம் பதிவுகளுக்கு மற்றவர்கள் தரும் ஆதரவு வாக்குகளால் சேர்வது) வேண்டும், கேள்வி கேட்கவும் பதில் எழுதவும் அது தேவையில்லை.