பழைய வெடிமருந்து எரிப்புப் புகை: எதை அளப்பது, எப்படித் தற்காத்துக்கொள்வது

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

படைக்கலக் கிடங்குகளை அண்டிக் குடியிருப்போருக்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலாவதியான உந்துமருந்தை, அதாவது குண்டையோ ராக்கெட்டையோ உந்தித்தள்ளும் மருந்தை, சும்மா அடுக்கிவைக்க முடியாது. அதிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் என்ற எரிபொருள் மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். சிதைவைத் தடுக்கச் சேர்த்த டைஃபீனைல்அமீன் தீர்ந்துவிட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆகவே அழித்துத்தான் ஆகவேண்டும். எந்த முறையில் என்பதைப் பொறுத்தே சுற்றியிருப்போரின் உடல்நலம்.

மலிவான வழிகள் இரண்டு. உந்துமருந்தை இரும்புத் தட்டுகளில் பரப்பித் தொலைவிலிருந்து பற்றவைப்பார்கள். குண்டுகளைக் குழியில் அடுக்கி, கூடவே வேறு வெடிமருந்து வைத்து, மண்மூடி வெடிக்கவைப்பார்கள். இரண்டிலும் புகைக்கு வடிகட்டி கிடையாது. நுண்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், சில மருந்துகளில் கலந்துள்ள ஈயம், எரியாமல் எஞ்சும் டைநைட்ரோடொலுவீன் என்ற நச்சுப்பொருள் எல்லாம் காற்றோடு போகும். அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த ராக்கெட் மருந்தானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவும் வரும். எரியாமல் மிஞ்சும் பெர்குளோரேட் நிலத்தடி நீரில் கரைந்து, தைராய்டு சுரப்பி அயோடினை எடுப்பதைத் தடுக்கும். குழியில் வெடிக்கவைக்கும்போது, முன்பு அங்கே படிந்த உலோகத்தூளும் மண்ணோடு மறுபடி கிளம்பும்.

செம்பழுப்பாகப் புகை தெரிந்தால் அது நைட்ரஜன் டைஆக்சைடு. இதில் ஒரு ஆபத்து உண்டு: முதலில் லேசான இருமல் மட்டுமே இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மருத்துவரிடம் போனால் புகைபட்ட நேரத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

"காற்று மாசின் சராசரி வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று அதிகாரிகள் தரும் பதிலை அப்படியே ஏற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம்2.5 துகளுக்கு (2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்) வைத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இருபது நிமிடம் 300 ஆக ஏறி, மீதி நாள் முழுக்க 10 ஆகவே இருந்தால் நாள் சராசரி சுமார் 14 ஆகி, அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அந்த இருபது நிமிடத்தில் ஆஸ்துமா குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் என்ன நேரும் என்பதை 14 என்ற எண் காட்டாது. ஆகவே நிமிடவாரிப் பதிவைக் கேளுங்கள். வீட்டில் சென்சார் வைத்தால் அதையும் நிமிடவாரியாகச் சேமியுங்கள், எரிப்பு நேரத்தையும் காற்றின் திசையையும் பக்கத்தில் குறியுங்கள். மலிவான லேசர் சென்சார் ஈரக்காற்றில் கூட்டிக் காட்டும். ஈயத்தையோ வாயுவையோ அது அறியாது.

எரிப்பு நாளில் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்றை இழுக்கும் விசிறிகளை நிறுத்தி, ஒரே அறையில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையரை ஓடவிடுங்கள். என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புகை கடந்தபின் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசு மறுபடி எழும். செருப்பு வாசலோடு நிற்கட்டும்.

குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. விரல்நுனி இரத்தம் எடுக்குமுன் கையைச் சோப்பால் நன்றாகக் கழுவவேண்டும், தோலில் ஒட்டிய தூசே ஈய அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கூடுதலாக வந்தால் சிரையிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தத்தில் உறுதிசெய்யுங்கள். இரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும், எனவே பரிசோதனையைத் தாமதிக்கவேண்டாம்.

மண் மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். வெடிமருந்து எச்சம் துகள்துகளாகச் சிதறிக்கிடப்பதால் ஒரே இடத்து மண் ஒன்றையும் சொல்லாது. மேல் இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து, நிலம் முழுக்கப் பரவலாக 30 இடங்களுக்குக் குறையாமல் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, முழுவதையும் ஆய்வகத்தில் அரைக்கச் சொல்லவேண்டும்.

மாற்றுவழி இல்லை என்பார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் கேம்ப் மிண்டனில் கைவிடப்பட்ட சுமார் 70 லட்சம் கிலோ எம்6 வகை உந்துமருந்தை வெட்டவெளியில் எரிக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள். அதன்பின் மூடிய அறையில் எரித்து, புகையை வடிகட்டி வெளியேற்றும் அமைப்பு நிறுவப்பட்டு, 2016 தொடங்கி 2017இல் வேலை முடிந்தது. பெரும்பாலான வழக்கமான வெடிபொருள்களுக்கு இத்தகைய வழிகளைப் பயன்படுத்தத் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை என்றுதான் அந்நாட்டு அரசுக்கு அறிவியல் ஆலோசனை தரும் தேசிய அகாடமிகளின் குழுவும் சொன்னது. செலவும் நேரமும் கூடும், உண்மைதான்; நகர்த்தவே ஆபத்தான குண்டுகளை இருந்த இடத்தில் அழிக்கவேண்டியும் வரும். அந்த விதிவிலக்கைக் காட்டி மொத்தச் சரக்கையும் வெளியில் எரிப்பதைத்தான் ஏற்கக்கூடாது.

எரிப்புக்கு அனுமதி தருவது பற்றிய விசாரணைக்குப் போவோர் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு தொகுதியிலும் என்ன மருந்து, எத்தனை கிலோ, எந்தக் காற்றுவேகத்தில் எரிப்பு நிறுத்தப்படும், புகை தரையோடு தங்கும் அதிகாலையில் எரிப்பு உண்டா, தட்டில் மிஞ்சும் சாம்பல் எங்கே போகிறது.