அஸ்வான் அணைக்கும் மத்தி மீன் குறைஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்?

வைகைக்கரையான்:
எகிப்துல நைல் நதிக்கு குறுக்க அஸ்வான் பெரிய அணை கட்டினதுக்கப்புறம் அந்தக் கரையோரம் மத்தி பிடிப்பு அப்படியே படுத்துடுச்சுன்னு படிச்சேன், 1964ல ஆத்தை மறிச்சாங்களாம், சில வருஷத்துலயே முன்ன கிடைச்சதுல பத்துல ஒரு பங்கு கூட கிடைக்கலையாம். மத்தி கடல் மீன் தானே, ஆத்துத் தண்ணி நின்னா அதுக்கென்ன? யாரைக் கேட்டாலும் பாஸ்பரஸ்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. வயலுக்குப் போடற உரத்துல இருக்கற அதே பாஸ்பரஸா? அவ்ளோ பெரிய கடல்ல அது இல்லாமயா போயிடும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

உப்புக்காத்து:
அதே பாஸ்பரஸ் தாங்க, டிஏபி மூட்டைல இருக்கறது தான். கடல்ல மீன் பெருகணும்னா மொதல்ல கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி பெருகணும், அது புதுசா ஒரு செல் உண்டாக்க டிஎன்ஏவுக்கும் செல் சவ்வுக்கும் பாஸ்பரஸ் கட்டாயம் வேணும். ரெட்ஃபீல்டுங்கற விஞ்ஞானி சொன்ன கணக்குப்படி சராசரியா கார்பன் 106, நைட்ரஜன் 16க்கு பாஸ்பரஸ் 1. பார்க்க ரொம்ப கம்மி தான், ஆனா அந்த ஒண்ணு இல்லேன்னா மத்தது எவ்ளோ இருந்தும் பாசி வளராது. நைட்ரஜனைக் காத்துலேர்ந்தே எடுத்துக்கற பாசி வகை இருக்கு, பாஸ்பரஸுக்கு அந்த வழியே கிடையாது, பாறை தேஞ்சு ஆத்தோட வரணும், இல்லேன்னா பாலைவனத் தூசியோட கொஞ்சம் வரும், அவ்ளோ தான்.

இப்ப நைல் போய்ச் சேர்ற மத்தியதரைக் கடலோட கிழக்குப் பக்கத்தைப் பாருங்க. அட்லாண்டிக்லேர்ந்து ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியா உள்ள வர்றது மேல்மட்டத் தண்ணி, அதுல சத்து ஏற்கனவே உறிஞ்சப்பட்டிருக்கும். உள்ள செத்து மூழ்கற பாசியும் எச்சமும் ஆழத்துல மக்கி பாஸ்பேட்டா மாறுது, மத்த கடல்னா அது என்னைக்காவது மேல ஏறி வந்து திரும்ப பாசிக்கு உதவும், இங்க உப்பு கூடி கனமான அடித்தண்ணி அதையும் தூக்கிட்டு மேற்கால அட்லாண்டிக்குக்கே போயிடுது! அதனால தான் கிழக்கு மத்தியதரைக் கடல் அவ்ளோ தெளிஞ்ச நீலம். அங்க ஆழத்துல நைட்ரஜனும் பாஸ்பரஸும் 28க்கு 1னு இருக்கு, 16க்கு 1 இருக்க வேண்டிய இடத்துல.

அந்தப் பட்டினிக் கடலுக்கு வருஷா வருஷம் சோறு போட்டது நைல் வெள்ளம். ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் எத்தியோப்பிய மலை வண்டல் கலங்கலா வந்து இறங்கும், வண்டல் துகள்ல ஒட்டியிருக்கற பாஸ்பேட்ல ஒரு பங்கு உப்புத் தண்ணி பட்டதும் கழண்டுக்கும், டெல்டா முழுக்க பாசி பூக்கும், அதைத் தின்ன மத்தி கூட்டம் கூட்டமா கரைக்கு வரும். அணை வந்ததும் வண்டல் அதுக்குப் பின்னால தேங்கின நாசர் ஏரியோட நின்னுபோச்சு.

வைகைக்கரையான்:
ரொம்ப நன்றிங்க, இப்ப தான் தெளிவாச்சு. அப்ப இன்னொரு கேள்வி, கப்பல்ல பாஸ்பேட் கொண்டுபோய் அந்தக் கடல்ல கொட்டினா பாசி பெருகி மீனும் வந்துடாதா?

நண்டுவளை:
தம்பி, அதைச் செஞ்சே பார்த்துட்டாங்க. 2002 மே மாசம் சைப்ரஸுக்குத் தெக்க ஒரு பெரிய நீர்ச்சுழல்ல பாஸ்பேட் கரைச்சு விட்டாங்க, சைக்ளாப்ஸ்னு அந்தத் திட்டத்துக்குப் பேரு. எல்லாரும் தண்ணி பச்சையாகும்னு எதிர்பார்த்தா பச்சையம் முன்ன இருந்ததை விட குறைஞ்சுது! பாக்டீரியா வளர்ச்சி கூடுச்சு, கோப்பிபாட்னு சொல்ற குட்டி குட்டி உயிரிங்களோட முட்டையும் கூடுச்சு. பாஸ்பேட்டை பாக்டீரியா முந்திக்கிட்டு வாரிக்குச்சு, பாசிக்கு அந்த நேரத்துல நைட்ரஜனும் சேர்ந்தே பத்தலை, ஒண்ணை மட்டும் குடுத்ததால அது எழும்பல. சத்து பாசில பச்சையா தங்காம வேற வழில உணவுச் சங்கிலியோட மேல் மட்டத்துக்குப் போயிடுச்சு. எனக்கு இந்த சோதனை ரொம்பப் பிடிக்கும், உரம் போட்டா விளையும்னு வயல் கணக்கை கடலுக்கு அப்படியே போடக்கூடாதுன்னு காட்டுச்சு.

முத்துக்குளி:
ரெண்டு பேரும் சொல்லாம விட்டது, 80கள்ல அந்த மீன்பிடிப்பு திரும்ப ஏறிடுச்சு. அணையைத் திறந்ததால இல்ல. கெய்ரோவும் அலெக்சாண்ட்ரியாவும் பெருத்து சாக்கடைத் தண்ணி கடலுக்கு வந்துது, வயலுக்குப் போட்ட உரமும் வடிகால் வழியா சேர்ந்துது. வெள்ளம் குடுத்த சத்தோட இடத்தை இது பிடிச்சுடுச்சுன்னு ஸ்காட் நிக்சன்ங்கற கடல் விஞ்ஞானி 2003ல எழுதினார். படகு, வலை கூடினதும் ஒரு காரணம்னு சொல்றவங்க இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா சாக்கடையால மீன் வந்துதுன்னு சந்தோஷப்பட என்னால முடியல. பால்டிக் கடல்ல இதே பாஸ்பரஸ் மிஞ்சிப் போய் அடில ஆக்சிஜனே இல்லாம ஆயிடுச்சு, ஆக்சிஜன் இல்லாத சேத்துல இரும்பு பிடிச்சு வெச்சிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு மேல வருது, கோடைல நீலப்பச்சைப் பாசி படை படையா மூடுது, வெளிலேர்ந்து வர்றதைக் குறைச்சாலும் சேறு விட்டுக்கிட்டே இருக்கு.

வைகைக்கரையான்:
அப்ப அணை மதகைத் திறந்து அந்த வண்டலையே கொஞ்சம் கொஞ்சமா விட முடியாதா?

உப்புக்காத்து:
முடியாதுங்க, வண்டல் அணைகிட்ட இல்லவே இல்ல. ஆறு ஏரிக்குள்ள நுழையற இடத்துலயே வேகம் குறைஞ்சு படிஞ்சுடுது, பெரும்பகுதி சூடான் பக்கம் கிடக்கு, மதகுலேர்ந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி.