இசை, விளம்பரம், இயந்திரக் கையேடு: மூன்றையும் சேர்த்துச் செய்பவர்களை மலையில் சந்தித்த அனுபவங்கள்

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

எங்கள் தொழிற்சாலைக்குக் கையேடு எழுத வந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் வயலின் ஆசிரியை. குன்னூரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கும் தேயிலைக்கு விளம்பரமும் எழுதுகிறார். அதோடு மென்பொருள் நிறுவனங்களுக்கும் இங்குள்ள இயந்திரப் பட்டறைகளுக்கும் தொழில்நுட்பக் கையேடு தயாரித்துத் தருகிறார். எதிலும் மாதச் சம்பளம் கிடையாது. வேலை முடிந்தால் பணம்.

எங்களிடம் சி.டி.சி. ரோலர் பிரிவுக்கு ஆங்கிலக் கையேடு ஒன்று இருந்தது. அதைத் தமிழில் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. தேயிலை வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: வாட்டிய இலை இரண்டு உருளைகளுக்கு நடுவே போகும். அவற்றில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது; சி.டி.சி. என்ற ஆங்கிலச் சுருக்கம் இந்த மூன்றையும்தான் குறிக்கிறது. அங்கே இலை அடைத்துக்கொண்டால் ஓடும்போதே கையை நீட்டி எடுத்துவிடலாம் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தோன்றும். நீட்டினால் கை போய்விடும். ஆகவே அந்தப் பகுதியில் கையேடு என்பது அலமாரியில் வைக்கும் காகிதம் இல்லை.

ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துத் தந்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் முதலில் ரோலர் பக்கத்தில் வந்து நின்றார். இரவு ஷிப்டிலும் வந்தார். அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் பெரியவரிடம், "ஐயா, இதை எடுப்பதற்கு முன்னால் எதைத் தொடுகிறீர்கள்? ஏன் அதை முதலில்?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரியவருக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை.

பிறகு அவர் காட்டிய ஒன்று எனக்கு இன்றும் பயன்படுகிறது. முன்பு யாரோ எழுதி ஒட்டிய தமிழ் அறிவிப்பு இப்படி இருந்தது: "மூடியைத் திறந்து அடைப்பை அகற்றி ரோலரைச் சுத்தம் செய்வதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்." இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் வினை கடைசியில் வருகிற மொழி நம்முடையது. படித்தபடியே வேலை செய்கிறவன் மூடியைத் திறந்து, அடைப்பில் கை வைத்த பிறகுதான் மின்சாரம் என்ற சொல்லுக்கு வந்து சேர்வான். அக்கா அதைப் பிரித்தார். "மெயின் ஸ்விட்சை அணைக்கவும். உருளைகள் முழுதாக நிற்கும் வரை காத்திருக்கவும். மூடியைத் திறக்கவும்." ஒரு வாக்கியம், ஒரு செயல். விமானத் துறையில் பராமரிப்புக் கையேடுகளுக்கென உருவான எளிய ஆங்கில விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது; அதில் செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்று அவர் சொன்னார். தமிழில் ஒரே சொல்லுக்குள் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடங்கிவிடும் என்பதால் தமக்கு எட்டுச் சொற்கள் என்று வரம்பு வைத்திருந்தார்.

எழுதி முடித்ததும் இயந்திரமே தெரியாத ஒரு பையனிடம் கொடுத்து, இயந்திரம் அணைந்திருந்த நேரத்தில் சத்தமாகப் படித்துச் செய்துகாட்டச் சொன்னார். அவர் வாயே திறக்கவில்லை. பையன் எங்கே தயங்கினானோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான். இந்த வழக்கம் எங்கே வந்தது என்று கேட்டேன். "வர்ணம் சொல்லிக்கொடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுமாறினால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை தம்பி. நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் இருக்கிறது. இதுவும் அப்படித்தான்" என்றார்.

அவர் விளம்பரம் எழுதுவதும் இதே கண்டிப்போடுதான். பாக்கெட்டில் 'இயற்கை வேளாண்மைத் தேயிலை' என்று போடச் சொல்லி அந்த விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழ் எங்கே என்று கேட்டார். கடைகளில் அப்படி அச்சிட்டு விற்பதற்குத் தேசியச் சான்றளிப்பு முறையிலோ விவசாயிகளின் கூட்டுச் சான்றளிப்பு முறையிலோ பதிவு வேண்டும். இயற்கை உணவுக்கான 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பதிவு இல்லை. அவர் எழுத மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, இலை எந்த மாதம் பறித்தது, தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது, கையால் பறித்ததா கத்தரியால் வெட்டியதா, எவ்வளவு நீரில் எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்பதையெல்லாம் போட்டார். இலையைக் கிழிக்காமல் உருட்டித் தயாரிக்கும் நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கு 2008 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. தங்கள் தேயிலை அந்த வகையில் சேராது, சி.டி.சி. தூள்தான் என்பதையும் மறைக்கவில்லை. விற்கிறதா என்று கேட்பீர்கள். அந்தப் பாக்கெட் குன்னூர்க் கடைகளில் இருக்கிறது. வாங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று கடைக்காரரே சொன்னார்.

கையேடு எழுதுகிறவர் என்பதால்தான் அவரால் விளம்பரத்தில் பொய் சொல்ல முடியவில்லை என்று நான் நம்புகிறேன். ஒரு தொழிலின் நேர்மை இன்னொரு தொழிலுக்குள் போகிறது. மூன்றை ஒரே ஆள் செய்வதில் எனக்குத் தெரிந்த பெரிய நன்மை இதுதான்.

கொடைக்கானல், சிறு தங்கும் விடுதி நடத்துபவர்:

எங்கள் விடுதியின் இணையப் பக்கத்தை எழுதித் தந்த தம்பி புல்லாங்குழல் கலைஞர். இரவில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் ஆவணம் எழுதுகிறார். பகலில் எங்களைப் போன்ற ஐந்தாறு விடுதிகளுக்கும் பூண்டு விவசாயிகளுக்கும் விளம்பர வேலை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைச் சொல்லி விற்க ஆள் தேவைப்பட்டது.

ஒரு டிசம்பர் மாலையில் விருந்தினர்களுக்காக அவரும் ஒரு வயலின் கலைஞரும் வாசிப்பதாக ஏற்பாடு. கீழேயிருந்து வந்த வயலின்காரர் சுருதி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார், ஒத்துவரவில்லை. தம்பிதான் விளக்கினார். குளிரில் ஒலியின் வேகம் குறைகிறது, குழலுக்குள் இருக்கும் காற்றின் சுருதி இறங்குகிறது. பத்து டிகிரி குளிர்ந்தால் ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். எஃகுத் தந்தியோ குளிரில் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். ஒன்று இறங்க ஒன்று ஏற, இரண்டும் எப்படிச் சேரும்? குழலைச் சால்வைக்குள் வைத்து, வாசிக்காமல் வெறுமனே ஊதிச் சூடேற்றிக்கொண்டார். அறையையும் முன்கூட்டியே கணப்பு மூட்டி வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வாசித்த மோகனத்தை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் அதையே ஒரு பக்கக் குறிப்பாக எழுதி எங்கள் சுவரில் ஒட்டிவிட்டார்: கச்சேரிக்கு எவ்வளவு நேரம் முன்பு அறையைச் சூடாக்க வேண்டும், கருவிப் பெட்டியை எங்கே வைக்கக் கூடாது, மிருதங்கத்தை ஜன்னல் ஈரத்திலிருந்து எப்படித் தள்ளி வைப்பது என்று. இப்போது எந்தக் கலைஞர் வந்தாலும் எங்கள் பையன்கள் அதைப் பார்த்தே தயார் செய்துவிடுகிறார்கள்.

அவருடைய வருடம் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, அதையொட்டி விடுதிகளில் வாசிப்பு. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் விளம்பர வேலை குவியும். 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது அல்லவா, அதை எப்படி எடுப்பது என்று படிப்படியாக எழுதி எல்லா விடுதிகளின் பக்கத்திலும் போட்டது அவர்தான். மழைக்காலத்தில் வருகிறவர்கள் குறைவு, அப்போது முழுக்க ஆவண வேலை. மரம் விழுந்து இணையம் அறுந்தால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிவிடுவார். கெடு தவறி நான் கேள்விப்பட்டதில்லை.

உதகை, பின்னணி இசை அமைப்பவர்:

நான் இந்த மூன்றையும் செய்யத் தொடங்கியவன். சந்தித்த அனுபவம் ஒன்று எனக்கும் உண்டு.

ஒரு விற்பனை நிறுவனத்துக்கு விளம்பர மெட்டு ஒன்று போட்டுக் கொடுத்திருந்தேன். உள்ளூர் வானொலிக்கு என்றார்கள். பிறகு பார்த்தால் வெளிநாட்டுக் கிளையின் காணொளியிலும் அதே மெட்டு ஓடியது. கேட்டதற்கு "எல்லாம் சேர்த்துத்தானே வாங்கினோம்" என்று பதில் வந்தது. மனம் உடைந்து சேரிங் கிராஸ் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பழக்கமான அண்ணன் ஒருவர் வந்தார். நெடுங்காலமாகக் கீபோர்டும் கையேடுமாக வாழ்பவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எழுத்தில் என்ன இருக்கிறது?"

இருந்தது ஒரு பக்கக் கடிதம். காலமும் இல்லை, இடமும் இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை அவர் எடுத்துக் காட்டினார். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அப்படியானால் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அவர்கள் என்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

கோபமாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, கையேடு எழுதுகிற முறையில் எழுதச் சொன்னார். என்ன நடந்தது, சட்டம் என்ன சொல்கிறது, நான் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள். நான்கு பத்தி. வசவு இல்லை, கெஞ்சல் இல்லை. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் வந்து சேர்ந்தது. அந்தக் கடிதம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்ததை அந்த மெட்டு சம்பாதிக்கவில்லை. இசைக்கலைஞர்கள் எல்லோரும் கொஞ்சமாவது தொழில்நுட்ப எழுத்துப் பழக வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

உதகை, ஓய்வுபெற்ற ஆசிரியை:

பிள்ளைகளே, நீங்கள் எழுதுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பல தொழிலை ஒருவர் கையில் வைத்திருப்பதை இப்போது வந்த வழக்கமாக நினைக்க வேண்டாம். இந்த மலையின் கோத்தர் மக்களைப் பாருங்கள். கொல்லுப் பட்டறை, தச்சு, பெண்கள் கையில் மண்பாண்டம், இவற்றோடு இசையும். சுற்றுவட்டாரத்தில் மற்றச் சமூகத்தாரின் சாவுச் சடங்குகளுக்கு வாசித்தவர்களும் அவர்கள், அவர்களுக்குக் கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஊதுகருவி, பறை, வளைந்த கொம்பு எல்லாம் இன்றும் அவர்கள் கோயில் திருவிழாவில் ஒலிக்கின்றன. என் வகுப்பில் படித்த கோத்தர் பையன் ஒருவன் இன்று இயந்திரப் பட்டறை வைத்திருக்கிறான், ஊர்த் திருவிழாவில் வாசிக்கவும் செய்கிறான். இரண்டு வேலை செய்கிறாயா என்று அவனை யாரும் கேட்பதில்லை.

கூடலூர், கல்லூரி முடித்தவர்:

கோத்தகிரி அண்ணா, எனக்கு வீட்டில் தினமும் இதே பேச்சுதான். ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார் அப்பா. வீணை எட்டு வயதிலிருந்து கற்கிறேன், கணினி அறிவியல் படித்திருக்கிறேன். நல்லவிதமாக மட்டும் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பணம் சரியான நேரத்துக்கு வருகிறதா? அந்த அக்கா உங்களிடம் எப்படிக் கட்டணம் பேசினார்? வாங்கும் பக்கத்திலிருந்து யாரும் இதைச் சொல்வதில்லை, ஆகவே கேட்கிறேன்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

நல்ல கேள்வி தங்கை. அப்பா சொல்வதில் அக்கறை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பச்சை இலை விலை விழுகிற வருடங்களை இந்த மலையில் வாழும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேயிலையை மட்டும் நம்பாமல் ஓரமாக நாலு பாத்தி கேரட் போட்டவர்கள்தான் அப்போது கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். அக்கா பக்கக் கணக்கில் பேசவில்லை. பக்கக் கணக்கில் பேசினால் எழுதுகிறவர் நீட்டுவார், எங்களுக்கோ சுருக்கமாக வேண்டும். ஆகவே மொத்த வேலைக்கு ஒரு தொகை. பாதி முன்பணம். மீதி, அந்தப் பையன் கையேட்டைப் படித்துத் தயங்காமல் செய்துகாட்டிய பிறகு. எங்கள் தரப்பில் திருத்தம் எத்தனை முறை கேட்கலாம், அதற்கு மேல் போனால் எவ்வளவு என்பதும் தாளில் இருந்தது. எங்கள் கணக்குப் பிரிவு முதலில் முணுமுணுத்தது. ஆனால் எல்லாம் எழுத்தில் இருந்ததால் பின்னால் ஒரு சச்சரவும் வரவில்லை.

அவர் குறுந்தொழிலாக 'உத்யம்' என்ற அரசுப் பதிவு செய்து வைத்திருக்கிறார், விலைப்பட்டியலில் அந்த எண்ணும் இருக்கும். பதிவுக்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் ஆதாரை வைத்துச் செய்துவிடலாம். அதன் பலன் பெரிது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுள்ள குறுந்தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசு இணையதளம் இருக்கிறது. எங்கள் கணக்காளருக்கு இது தெரியும், ஆகவே அவருடைய பட்டியல் மேசையில் தூங்குவதில்லை.

வீணை வகுப்பு தொடங்குவதாக இருந்தால் முதல் நாளே கட்டணத்தையும் விடுமுறையையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். ஆவண வேலைக்கு மாதிரி கேட்பார்கள். கூடலூரில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் இயந்திரத்துக்கு, மிளகு உலர்த்தியோ காப்பிக்கொட்டை உரிக்கும் இயந்திரமோ எதுவானாலும் சரி, தமிழில் நான்கு பக்கம் எழுதி, அதை இயக்குகிறவரிடமே படித்துக் காட்டித் திருத்தி எனக்கு அனுப்புங்கள். அக்காவிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவருக்கு வருகிற வேலையில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.