ஒரே பேட்ச் தொடர், இரண்டு பராமரிப்பாளர்கள்: லினக்ஸ் கெர்னலில் யாருடைய ட்ரீ வழியாகச் செல்ல வேண்டும்?

கேள்வி

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு, ஒரு சிப்புக்காக மூன்று பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) அனுப்பியிருக்கிறேன். முதலாவது, எம்எஃப்டி (பல வேலைகள் செய்யும் சிப்களுக்கான) பகுதியின் ஹெடர் கோப்பில் சில ரெஜிஸ்டர் பெயர்களைச் சேர்க்கிறது. மற்ற இரண்டும் அப்பெயர்களைப் பயன்படுத்தும் பேட்டரி டிரைவருக்கானவை. அந்த டிரைவர் பவர் சப்ளை பகுதியைச் சேர்ந்தது. முதல் பேட்ச் இல்லாமல் மற்றவை கம்பைல் ஆகா. இரு பகுதிகளின் பராமரிப்பாளர்களும் முதல் பேட்ச்சைத் தத்தம் ட்ரீயில் (தாம் பேணும் மூலநிரல் தொகுப்பில்) தனித்தனியே சேர்த்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில் 1

கம்பைல் ஆகிவிடும், ஆனால் அவ்வாறு செய்வதைக் கெர்னல் பராமரிப்பாளர்கள் விரும்பமாட்டார்கள். ஒரே மாற்றம் இரு ட்ரீகளில் தனித்தனியே ஏறும்போது, மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் 'கிட்' கருவியின் பார்வையில் அவை வெவ்வேறு அடையாள எண்கள் கொண்ட இரண்டு கமிட்கள் (மாற்றப் பதிவுகள்). இரண்டும் அப்படியே இருக்கும் வரை மெர்ஜ் (ட்ரீகளை இணைப்பது) அமைதியாக முடியும். ஒரு ட்ரீயில் மட்டும் அதே வரிகள் பிறகு திருத்தப்பட்டால் முரண்பாடு எழும். 2008 முதல் எல்லாப் பகுதிகளின் ட்ரீகளையும் ஒன்றுசேர்த்துச் சோதித்துவரும் லினக்ஸ்-நெக்ஸ்டிலிருந்து, இத்தகைய இரட்டைப் பேட்ச்கள் குறித்து எச்சரிக்கை மடலும் வரும்.

வழக்கமான தீர்வு 'இம்யூட்டபிள் பிராஞ்ச்' எனப்படும் மாறாக் கிளை. எம்எஃப்டி பராமரிப்பாளர், பெரும்பாலும் ஆர்சி1 எனும் முதல் சோதனை வெளியீட்டை அடியாகக் கொண்டு, பொதுவான பேட்ச்சை மட்டும் ஒரு சிறு கிளையில் வைத்து, அதற்குக் கையொப்பமிட்ட டேக் (அடையாளப் பெயர்) ஒன்றையும் தருவார். இருவரும் அதையே தத்தம் ட்ரீக்குள் இழுத்துக்கொள்வதால் கமிட் ஒன்றாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் இறுதியில் இணைக்கும் லினஸ் டோர்வால்ட்ஸிடம் எவருடைய ட்ரீ முதலில் போய்ச் சேர்ந்தாலும் கவலையில்லை. வெளியிட்ட பிறகு அந்தக் கிளையை ரீபேஸ் செய்யக்கூடாது (அதன் கமிட்களை வேறொரு அடியின் மேல் மாற்றி எழுதக்கூடாது) என்பதே இங்குள்ள ஒரே கடுமையான விதி.

பதில் 2

ஹெடரில் நான்கு வரிகள்தான் என்றால் கிளைகூடத் தேவையில்லை. ஒரு பராமரிப்பாளர் 'ஆக்ட்-பை' எனும் ஒப்புதல் குறிப்பைக் கொடுத்துவிட்டால், மூன்று பேட்ச்களும் மற்றவரின் ட்ரீ வழியாகவே சென்றுவிடலாம். மாற்றம் பெரிதாகும்போதுதான் கிளையின் அருமை தெரியும்: 2022-இல் ஐ2சி (சிப்களை இணைக்கும் ஒரு தொடர்பு முறை) டிரைவர்களின் ரிமூவ் செயற்கூறு எதையும் திருப்பித் தராதபடி மாற்றப்பட்டபோது, நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொட்ட அந்த ஒரே பேட்ச் மாறாக் கிளையாகவும் பிறருக்குக் கிடைத்தது.

பதில் 3

அவசரமில்லையெனில், ஹெடரை இந்த மெர்ஜ் விண்டோவிலும் (லினஸ் புதிய மாற்றங்களை ஏற்கும் காலம்) டிரைவரை அடுத்ததிலும் சேர்க்கலாம். இடைவெளி ஒன்பது, பத்து வாரங்கள்தான். ஆனால் தள்ளிப்போடுவது பழகிவிடும். ஐ2சியிலேயே, 'தற்காலிகம்' என்று கமிட் தலைப்பிலேயே குறிப்பிட்டு 2016-இல் நுழைந்த புரோப்-நியூ எனும் செயற்கூறு, 2023 வரை நீங்கவில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அந்தக் கிளையை நானே உருவாக்கித் தர வேண்டுமா?

பதில் 1

வேண்டாம், அது பராமரிப்பாளரின் வேலை. எந்தப் பேட்ச் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை முகப்பு மடலில் தெளிவாக எழுதி, முழுத் தொடரையும் இருவருக்கும் அனுப்புங்கள். பாதியை மட்டும் பெற்றவரால் எதையும் முடிவு செய்ய இயலாது. பின்னர் லினக்ஸ்-நெக்ஸ்டில் முரண்பாடு தெரியவந்தாலும் பதற வேண்டியதில்லை. பராமரிப்பாளர் அதைத் தம் ட்ரீயை இணைக்கக் கேட்டு லினஸுக்கு அனுப்பும் புல் கோரிக்கையில் குறிப்பிட்டுவிடுவார். அத்தகைய முரண்பாடுகளைத் தாமே தீர்ப்பதைத்தான் லினஸ் விரும்புகிறார்.