நீலம் மட்டும் வரவில்லை: கோளாறு கார்ட்ரிட்ஜிலா, பிரிண்டரிலா?

வணக்கம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நீலம் அடியோடு வருவதில்லை. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் சாதாரண வகை. மையைத் தெளிக்கும் நுண்துளைகள் கொண்ட பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. மகள் பள்ளிக்காக அச்சிட்ட வரைபடத்தில் வங்கக் கடல் வெளிறிய ரோஜா நிறத்தில் கிடக்கிறது!

எல்லா நிறமும் விழுகிறதா என்று பார்க்க அச்சிடும் நாசில் செக் தாளில் மஞ்சளும் சிவப்பும் முழுதாக விழுகின்றன. நீலக் கட்டம் வெறுமை. மை தீர்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, ஈரமான டிஷ்யூ தாளில் அதன் ஹெட்டை மெல்ல ஒற்றினால் மூன்று நிறமும் பட்டை பட்டையாக இறங்குகின்றன, நீலம் உட்பட. ஆக, மை இருக்கிறது. துளைகளும் முழுதாக அடைபடவில்லை. செப்புத் தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தும் பலனில்லை. துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை இனி ஓட்டுவதாக இல்லை. இருக்கிற மையையும் அது குடித்துவிடும்.

கார்ட்ரிட்ஜின் உள்சுற்று எரிந்துவிட்டதா, அல்லது அதைத் தாங்கி ஓடும் பகுதியில் உள்ள தொடுமுனைகளோ ரிப்பன் கேபிளோ பழுதா? புது கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டுப் பார்க்காமல் இதைக் கண்டறிய வழி உண்டா? கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. “புது பிரிண்டரே வாங்கிவிடுங்கள்” என்னும் யோசனை மட்டும் வேண்டாம்.