பாவித்த கிளைடரும் கச்சான் காற்றும்

பாவித்த றிமோட் கிளைடர், அதாவது நீண்ட இறக்கையால் காற்றில் மிதக்கிற சின்ன விமானம், வாங்க யோசிக்கிறவர்களுக்காக என் அனுபவம். எனக்குக் கிடைத்தது இரண்டு மீற்றர் இறக்கை, மூக்கில் மோட்டார், மடங்கும் புரொப்பெல்லர் உள்ள, ஈபிஓ என்கிற சின்னச் சின்ன மணிகளால் ஆன ஃபோம் கிளைடர். விற்றவர் "சின்னக் கீறல்தான்" என்றார். பெட்டியைத் திறந்தால் மூக்கு நசுங்கி, வால் முறிந்து, பற்றரி உப்பிப்போய்க் கிடக்கிறது. உப்பின லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியைச் சார்ஜ் போட்டே பார்க்காதீர்கள், தீப்பிடிக்கலாம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஃபோம் வேலை நினைத்ததைவிட லேசு. நசுங்கின மூக்கில் கொதிதண்ணீரை மெல்ல ஊற்றினால் அமுங்கின மணிகள் கண்முன்னாலேயே ஊதி எழும்பும், பிறகு கையால் பிடித்து நேராக்கலாம். வாலை சுப்பர் குளூ போட்டு ஒட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய கார்பன் கம்பி பதித்தேன். சுப்பர் குளூ ரெஜிபோமை, அதாவது பெட்டிகளில் வருகிற வெள்ளை ஃபோமைக் கரைத்துவிடும், ஈபிஓவை ஒன்றும் செய்யாது. எது என்று தெரியாவிட்டால் வெளியில் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

ஆனால் வாலில் கம்பியும் பசையும் ஏறினால் பாரம் பின்னுக்குப் போய்விடும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்வாசிக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும், என்னுடையது வாலைத் தொங்கப் போட்டது. வால் தூரத்தில் இருப்பதால் அங்கே ஏறின கொஞ்சப் பாரத்துக்கு மூக்கில் அதைவிடக் கூடப் போட வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் அதற்கு என்ன கவலை, வீச்சுவலைக்குக் கட்டும் ஈயம் இருக்கிறதே. ஒவ்வொன்றாக டேப்பில் சுற்றி மூக்குக்குள் வைத்து, மட்டமானதும் ஒட்டிவிட்டேன்.

அப்புறம் றிமோட். பழைய சொந்தக்காரர் வேறொரு பிளேனுக்கு வைத்த செட்டிங் அப்படியே கிடந்தது, வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் வல எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசைகிற துண்டு) மேலே எழும்ப வேண்டியது கீழே போனது. இதைத் தரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பயப்பட ஒன்றுமில்லை, மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரி.

பறக்க விடுகிற இடம்தான் பெரிய கதை. மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரை வெளி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, கிளைடர் கைதவறினால் நேரே கடலுக்குத்தான். திமிலைதீவில் விமான நிலையம் இருப்பதால் நகரத்தை அண்டியும் விடக்கூடாது. நான் பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போவேன். மாரி வேளாண்மை வெட்டின பிறகு மானாவாரி வயல் வெட்டவெளியாகக் கிடக்கும், விழுந்தாலும் நெல்தாளுக்கு மேலேதான் விழும். மாடுகளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியில் புதிதாக எதையாவது பறக்க விட்டால் கேள்வி கேட்க ஆட்கள் வருவார்கள், கமரா இல்லை என்று காட்டினால் அநேகமாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், என்றாலும் அனுமதி விஷயத்தை முன்னாலேயே விசாரித்து வைப்பது நல்லது.

முதலில் மோட்டாரை ஓடவிடாமல் காற்றுக்கு எதிரே மட்டமாக எறிந்து பாருங்கள், மேல்நோக்கி எறியவே கூடாது. மூக்கைத் தூக்கி நின்று சரிந்தால் பெரும்பாலும் பாரம் பின்னுக்கு. எங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும், அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் போதும்.

இதையெல்லாம்விட ஆளை ஏமாற்றுவது காற்றோடு போகிற திருப்பம். கச்சான் முதுகில் தள்ளும்போது தரையில் நின்று பார்க்கிற எங்களுக்குக் கிளைடர் பறந்தடித்துப் போவதாகத் தெரியும், வேகத்தைக் குறைக்க ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுக்கத் தோன்றும். ஆனால் இறக்கைக்கு வேண்டியது அதைச் சுற்றி ஓடுகிற காற்றின் வேகம், அது கொஞ்சமும் கூடவில்லை. இழுத்தால் தூக்கும் சக்தி போய்ப் பொத்தென்று விழும். அந்த நேரம் கையை அசைக்காமல் விட்டுவிட வேண்டும். பக்கத்து வயல் பெரியவர் ஒருவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "மனே, கச்சான் எழும்பப் போகுது, இறக்கிப் போடு." வெயில் ஏறும் முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் அவர் சொன்னால் இறக்கிவிடுவேன்.

பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுகிற இடத்துக்குக் கிளைடரைக் கொண்டுபோய் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள், சூடேறின வயலிலிருந்து எழும்புகிற காற்று அதையும் தூக்கும். பருந்து கலைந்து போகாது, சிலவேளை கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சுற்றும்.

பற்றரியை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் விடாதீர்கள். சும்மா வைக்கும்போது பற்றரிக்குள் இருக்கிற ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ட்டில் இருக்கிற மாதிரி வையுங்கள், முழுச் சார்ஜ் என்றால் 4.2, 3க்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. களுவாஞ்சிகுடி, கல்லாறுப் பக்கம் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள், எனக்கு ஒரு மடங்கும் புரொப்பெல்லர் தேவைப்படுகிறது.