பெயரிட்ட வினவல்கள்: அமைப்புக் கோப்பிலா, கிட் களஞ்சியத்திலா?

இரவுப்பணி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பூட்டு விழுந்து (ஓர் இணைப்பு பிடித்துவைத்த தரவுக்காக மற்றவை காத்திருந்து) செயலி நின்றுவிட்ட வேளையில், நடப்பு இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியையும் 9.6 பதிப்பில் வந்த பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் செயற்கூறையும் சேர்த்து, எந்த இணைப்பு எதைத் தடுக்கிறது என்று கேட்கும் வினவலை நினைவிலிருந்து தட்டச்சு செய்வது எளிதன்று. போஸ்ட்கிரெஸுக்கான கட்டளைவரிக் கருவியான பிஜிசிஎல்ஐயில் பின்சாய்கோடு, 'என்எஸ்', ஒரு பெயர், வினவல் என்று ஒருமுறை கொடுத்து அதன் அமைப்புக் கோப்பில் சேமித்தால், பிறகு பின்சாய்கோடு, 'என்', அந்தப் பெயர் என்பதே போதும். குழுவினர் அனைவரும் இவ்வழக்கத்திற்கு மாற வேண்டும்.

கோப்புக்கட்சி: சேமிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை, சேமிக்கும் இடம்தான் தவறு. வினவல்கள் எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸில் 'டோட்டல்_டைம்' என்றிருந்த நெடுவரிசை 13ஆம் பதிப்பில் 'டோட்டல்_எக்ஸெக்_டைம்' ஆனது. அதைப் பயன்படுத்தும் வினவலை அவரவர் கணினியின் அமைப்புக் கோப்பில் வைத்திருந்தால், அவரவரே பிழைச்செய்தியைக் கண்டு அவரவரே திருத்த வேண்டும். மாற்றங்களைப் பதிந்து குழுவோடு பகிரும் கிட் களஞ்சியத்தில் எஸ்க்யூஎல் கோப்பாக இருந்தால் ஒருவர் திருத்துவதே எல்லோருக்கும் போதும். போஸ்ட்கிரெஸுடன் வரும் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடு 'ஐ' கொடுத்து அதை இயக்கலாம்.

மூன்றாம்_வரிசை: வியூவாக, அதாவது தரவுத்தளத்திற்குள்ளேயே பெயரிட்டுச் சேமித்த வினவலாக, உருவாக்கிவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே?

இரவுப்பணி: உற்பத்தித் தரவுத்தளத்தில் எங்களுக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே உண்டு, வியூ உருவாக்க இயலாது. கோப்புக்கட்சிக்கு: அமைப்புக் கோப்பும் உரைக்கோப்புதான், அதையும் கிட்டில் வைக்கலாம். மேலும் $1, $2 என்று இடம் விட்டு, அழைக்கும்போதே மதிப்புகளைத் தர முடிகிறது.

கோப்புக்கட்சி: உங்கள் நிறவிருப்பங்களும் இயல்பிருப்புகளும் கலந்த கோப்பைக் குழுவிற்குப் பொதுவாக்குவது எனக்கு உவப்பானதன்று. அதைவிட முக்கியம், $1 என்பது வெறும் உரை மாற்றீடு. ஓ'பிரையன் போன்று ஒற்றை மேற்கோள்குறி உள்ள பெயர் வந்தால் தேடல் வினவல் உடையும். டெலீட் வினவலில் தவறான மதிப்பு புகுந்தால் தரவே போகும். பிஎஸ்க்யூஎல்லில் முக்காற்புள்ளியை அடுத்து மாறியின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால், மதிப்பை அதுவே முறைப்படி மேற்கோளிட்டுக்கொள்ளும்.

இரவுப்பணி: தரவை மாற்றும் வினவல்களைப் பொறுத்தவரை ஏற்கிறேன், அவை கிட்டிற்குப் போகட்டும். ஆனால் பூட்டு வினவலுக்கு $1 போன்ற அளபுருவே கிடையாது, அது எதையும் மாற்றுவதுமில்லை. அதற்காக நள்ளிரவில் கோப்பின் பாதையைத் தேட நான் ஆயத்தமாக இல்லை.